இருபதாவது பேர்

இருபது பேர் சேராவிட்டால் வகுப்பு கிடையாது என்று காஞ்சனா மிஸ் சொன்னதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பத்தொன்பது பேர் இருந்தால் கேக் வேகாதா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"என் கையில இல்லக்கா. மேலிடத்து ரூல்ஸ் அப்படி லா" என்றார் அவர். கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்னைப் போல வாய் கிடையாது, பொறுமை இருந்தது.

காஞ்சனா மிஸ் சமூகக் கல்லூரியில் கேக், ரொட்டி செய்யச் சொல்லித்தருகிற ஆசிரியை. கல்லூரி டவுனில் இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அதனால் கல்லூரிக்காரர்களே கோயில்களோடு சேர்ந்து, ஆட்கள் இருக்கிற இடத்துக்கே வந்து வகுப்பு நடத்துவதென்று முடிவு செய்திருந்தார்கள். அப்படித்தான் அவர் எங்கள் புக்கிட் செலம்பாவ் தோட்டத்துப் பக்கம் தம் சின்னக் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். என் பேர் குணசுந்தரி. தமிழ்ப்பள்ளியில் காண்டீன் நடத்துகிறேன், கோயிலில் மாதர் பிரிவுச் செயலாளர். வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் பேனர் கட்டி, படம் பிடித்து, மீஹூன் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான். இவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

கோயில் தலைவர் சுப்பிரமணியம் அண்ணன் மண்டபத்தைத் தரச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "மண்டபம் கோயில் வேலிக்குள்ள இருக்கு. முட்டை உள்ள வரக்கூடாது."

முட்டை இல்லாமல் கேக் எப்படி என்று காஞ்சனா மிஸ் விழித்தார். வேலிக்கு வெளியே உடைத்துக் கலந்து எடுத்து வந்தால் ஆகாதா என்று கூட்டத்தில் ஒருத்தி யோசனை சொன்னாள். "எங்க உடைச்சாலும் முட்டை முட்டைதான்மா" என்றார் அண்ணன். அரை மணி நேரம் இதே பேச்சு. கடைசியில் முட்டையில்லாத கேக் மட்டும் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, கல்லூரி இயக்குநரும் அண்ணனும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பேனருக்கு முன்னால் நின்று படமும் எடுத்தார்கள். அப்புறம் ஆள் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆளுக்கொரு அடையாள அட்டை நகல், ஐசியின் முன்பக்கமும் பின்பக்கமும். பிள்ளை சின்னது, புருஷன் விட மாட்டார், கேக் யாருக்கு வேண்டும் என்று ஆயிரம் சாக்கு. திட்டியும் கெஞ்சியும் பத்தொன்பது பேரைச் சேர்த்துவிட்டேன். இருபதாவது ஆள் மட்டும் கிடைக்கவில்லை. நான் தேடாத ஆள் ஒருத்தி அவளாகவே வந்து நின்றாள்.

யோகேஸ்வரி, முருகையா அண்ணனின் மகள். இருபத்து மூன்று வயது. காண்டிராக்டரிடம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறாள். அவளுக்கு ஐசி கிடையாது. அவள் தாய் பிச்சையம்மாள் இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு இருந்தவள். முருகையா அண்ணன் இதே கோயிலில்தான் அவளுக்குத் தாலி கட்டினார். ஊரே சாப்பிட்டது, நான்தான் பாயசம் பரிமாறினேன். பதிவு இலாகாவுக்கு மட்டும் யாரும் போகவில்லை. ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமா, பூசாரி மந்திரம் சொன்னால் போதாதா என்றுதான் நாங்கள் எல்லாருமே அப்போது இருந்தோம். சட்டத்துக்கு அது கல்யாணமே இல்லையாம். கல்யாணம் இல்லை என்றால், அப்பனுக்குக் குடியுரிமை இருந்தும், பிள்ளை தாயோடு சேர்ந்தது. தாய்க்குக் குடியுரிமை இல்லை, ஆகவே மகளுக்கும் இல்லை. பிச்சையம்மாள் செத்துப்போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"அத்தை, நானும் சேரவா?" என்றாள் யோகேஸ்வரி.

"ஐசி வேணுமேடி."

"தெரியும் அத்தை. வக்கீல் சார் குடியுரிமைக்கு மனு எழுதிக் குடுத்திருக்காருல்ல. என் பேர் போட்ட தாள் எது இருந்தாலும் கொண்டான்னாரு. ஆறாம் வகுப்புக்கு அப்புறம் என் பேர்ல ஒரு தாளும் இல்ல. இந்த வகுப்புல ஒரு செர்டிபிகேட் கிடைச்சா அதையும் சேத்து வைக்கலாமேன்னு பாத்தேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அவள் பேர் எழுதிய ஒரே ஒரு தாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபீஸில் போய் எதையும் கேட்க மாட்டோம். கேட்டால் இல்லை என்பார்கள், ஒரு தரம் இல்லை என்றால் என்றைக்கும் இல்லைதான். அதனால் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். இலவசக் கண் பரிசோதனைக்கு வராத ஆளின் நம்பரில் வேறு ஆள் போய்க் கண்ணாடி வாங்கி வந்ததெல்லாம் எங்கள் தோட்டத்தில் நடந்திருக்கிறது. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. எனக்கும் அந்த புத்திதான் வந்தது. என் மகள் சாந்தினி கூலிமில் ஃபேக்டரி வேலை செய்து ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுடைய ஐசி நகல் என் அலமாரியில் எப்போதும் கிடக்கும். நகலில் முகம் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. அதை எடுத்து இருபதாவதாக வைத்துவிட்டேன்.

"சாந்தினி பேர்ல உக்காரு. கையெழுத்தும் அவ பேர்லயே போடு. மொதல்ல கத்துக்க, பேரை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் அந்த நகலை ஒரு தரம் பார்த்தாள். "சரி அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து சனிக்கிழமை வகுப்பு நடந்தது. காஞ்சனா மிஸ் இருக்கும்போது எல்லாரும் யோகேஸ்வரியைச் சாந்தினி என்றே கூப்பிட வேண்டும் என்று நான் மற்றவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். முதல் இரண்டு வாரம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

மண்டபத்துக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் வெண்ணெய் தானாக உருகி ஓடும். கரண்ட் அடுப்பைப் போட்டால் ஃபேன் நின்றுவிடும், ஃபேனைப் போட்டால் அடுப்பு நிற்கும். முதல் வாரம் வெந்த கேக்குகள் தோசை கனத்தில் தட்டையாக இருந்தன. "இதையா மூணு மணி நேரம் நின்னு செஞ்சோம்" என்று ஒருத்தி கேட்டதற்குக் காஞ்சனா மிஸ்ஸே சிரித்துவிட்டார். முட்டை இல்லாமல் தமக்கும் பழக்கமில்லை, சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற மிஸ்ஸை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யோகேஸ்வரி சும்மா இருக்கவில்லை. அவள் வீட்டில் ஓவன் இல்லை. பழைய சட்டியில் மணலைக் கொட்டிக் காயவைத்து, அதற்குள் தட்டை வைத்து மூடி, வாரம் முழுக்கச் செய்து பார்த்தாள். டின் பால் எவ்வளவு, வினிகர் எவ்வளவு, சோடாத் தண்ணீரை எப்போது ஊற்ற வேண்டும் என்றெல்லாம் பழம் பொறுக்குகிற இடத்திலும் அதே நினைப்புத்தான். என் காண்டீனிலிருந்து ஐஸ் வாங்கிப் போய்ப் பாத்திரத்தை அதில் உட்கார வைத்து வெண்ணெயை அடிக்கலாம் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பத்தாவது வாரம் அவள் கேக்கை வாயில் போட்ட காஞ்சனா மிஸ் இன்னொரு துண்டு வெட்டி எடுத்தார்.

"சாந்தினி, இதுல முட்டை இருக்குன்னு யாராவது சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்" என்றார் அப்புறம்.

யோகேஸ்வரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மிஸ் போகிற இடமெல்லாம் அவள் பின்னாலேயே போனாள். அவர் காடியில் ஏறும்போது சாமான்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் அந்த கேக்கில் பாதியை டப்பாவில் போட்டு சுங்கை பட்டாணி டவுனுக்கு எடுத்துப் போனார். அங்கே பரஞ்சோதி என்பவர் கேக் கடை வைத்திருக்கிறார். கல்லூரியோடு சேர்ந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறவர். விரதக்காரர்களும் சைவக்காரர்களும் முட்டையில்லாத கேக் கேட்டு அவர் கடைக்கு வருகிறார்களாம், செய்ய ஆள் இல்லையாம். இரண்டு வாரத்தில் என் வீட்டுக்கு ஒரு உறை வந்தது. உள்ளே சாந்தினி பேர் போட்ட சான்றிதழ், கூடவே பரஞ்சோதியின் கடையில் வேலைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம்.

அதே வாரத்தில் கூலிம் ஃபேக்டரியில் ஆட்குறைப்பு. சாந்தினி இரண்டு பையோடு வாசலில் வந்து நின்றாள். மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் போர்வையை இழுத்துக்கொண்டாள். பெற்ற வயிறு எப்படிப் பொறுக்கும்? நாலாம் நாள் நான் அந்தக் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

யோகேஸ்வரியால் எப்படியும் அந்த வேலைக்குப் போக முடியாது, கடையில் ஐசி கேட்பார்கள், கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை, உண்மைதான். ஆனாலும் காஞ்சனா மிஸ்ஸுக்கு ஒரு போன் போட்டு, இந்த மாதிரி ஒரு பிள்ளை இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்போமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததோடு சரி. கேட்டால் என் மகளுக்கு வந்த வேலையும் போய்விடும் என்று பயந்தேன். இதை மழுப்புவதில் அர்த்தமில்லை.

யோகேஸ்வரி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சான்றிதழைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழ் வரை படித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"அக்காவுக்குச் செய்யத் தெரியாதே அத்தை. கடையில மாட்டிக்குவாங்களே" என்றாள். "சாயங்காலம் வரச் சொல்லுங்க. நான் சொல்லித்தரேன்."

ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாள். செம்பனைக் காட்டிலிருந்து வந்த கையோடு, குளித்துவிட்டு, என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாந்தினிக்கு லேசில் கை வரவில்லை. நாலு கேக் கல்லாகிப் போனது. இவள் ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. "மெதுவாக்கா, சோடாவை ஊத்துன பிறகு கிண்டாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. கேக் பொங்கி வந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது.

சாந்தினி வேலைக்குப் போனாள். பரஞ்சோதிக்குப் பிடித்துவிட்டது. மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை, நானும் மறக்கப் பார்த்தேன். ஆனால் வேலைக்கு அனுப்பிய பிள்ளைகளை மூன்று மாதம் கழித்து நேரில் போய்ப் பார்ப்பது அந்தக் கல்லூரியில் வழக்கமாம். அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகள் ஓய்வு முடிந்து வகுப்புக்குப் போன நேரம், காஞ்சனா மிஸ் காண்டீனுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, பரஞ்சோதி அண்ணன் கடையில இருக்கிற சாந்தினி யாரு?"

"என் மக" என்றேன்.

"அப்ப என்கிட்ட படிச்ச பொண்ணு?"

சொன்னேன். பேர், ஐசி இல்லாதது, தாய் கதை எல்லாம் சொன்னேன். யார் யோசனை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நானும் கத்தலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் கத்தவில்லை.

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க மிஸ்? ஐசி இல்லனா முடியாதுன்னுதானே."

"கூலிம் பக்கம் ஒரு கோயில்ல இதே மாதிரி ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க. அங்க உள்ள செயலாளர் என்கிட்ட வந்து சொன்னாரு. நான் இயக்குநர்கிட்ட எழுதிக் கேட்டேன். செர்டிபிகேட் குடுக்க முடியாது, ஆனா வகுப்புல உக்காரட்டும், வந்து படிச்சாங்கன்னு அவங்க சொந்தப் பேர்லயே கல்லூரி லெட்டர் குடுக்கலாம்னு சொன்னாரு. குடுத்தோம்க்கா. அந்த லெட்டரை அவங்க மனுவோட சேத்து வச்சிருக்காங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்க கணக்குலயும் இவ பேரையே இருபதாவதா எழுதியிருப்பேனே."

ஒரே ஒரு கேள்வி. தோட்டம் முழுக்கக் கதவைத் தட்டிய எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"இப்பக் குடுங்க மிஸ். இப்பவாவது எழுதிக் குடுங்க."

"எப்படிக்கா? பத்து வாரமும் வருகைத் தாள்ல உங்க மக பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கா. இவதான் வந்தான்னு நான் எழுதினா, அடுத்தவங்க ஐசியில உக்காந்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அது பதிவு இலாகா கைக்குப் போனா மனுவே போச்சு." அவர் எழுந்து நின்றார். "இதுக்கு யார் காரணம்னு எனக்குத் தெரியணும்க்கா. கோயில் செயலாளரே பொய்ப் பேர் குடுத்தாங்கன்னா நான் மேல சொல்லித்தான் ஆகணும். அப்புறம் ஒப்பந்தமும் இருக்காது, உங்க மக செர்டிபிகேட்டும் இருக்காது."

"வாங்க, அவளையே கேளுங்க" என்று சொன்னேன்.

யோகேஸ்வரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தவள், பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்றார் மிஸ். "குணா அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் பேர்லயே லெட்டர் வாங்கியிருக்கலாமே. யார் உன்னை இப்படி உக்காரச் சொன்னது?"

அவள் குழாயை நிறுத்தினாள்.

"யாரும் சொல்லல மிஸ். அத்தை மொதல்லயே உங்களைக் கேக்குறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்க விடல. சாந்தினி அக்கா ஐசியைக் குடுங்கன்னு அழுது வாங்கிட்டேன். அந்த வேலையையும் நான்தான் அக்காவைப் போகச் சொன்னேன். அவங்க மேல எதுவும் இல்ல மிஸ்."

ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நான் அங்கேயே நின்றேன். இல்லை மிஸ், நான்தான், என் அலமாரியிலிருந்து நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் சாந்தினி மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பாள். கோயில் பேர் கெடும். சுப்பிரமணியம் அண்ணன் என் முகத்தில் விழிக்க மாட்டார். இதையெல்லாம் நான் அங்கே நின்றே கணக்குப் போட்டேன், போட்டு முடித்தும் பேசவில்லை.

காஞ்சனா மிஸ் அவளைப் பார்த்த பார்வை மாறியது. பத்து வாரம் பெருமையாகப் பார்த்த அதே கண். "உன்னைப் பத்தி நான் எத்தனை பேர்கிட்ட பெருமையா பேசியிருக்கேன் தெரியுமா" என்றார். "பத்து வாரம் என் முகத்தைப் பாத்து உன்னால எப்படிம்மா பொய் சொல்ல முடிஞ்சுது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சாரி மிஸ்" என்றாள்.

மேலிடத்தில் சொல்லப்போவதில்லை என்று மிஸ் சொன்னார். சொன்னால் அவளுடைய மனுதான் முதலில் கெடும் என்பதற்காக. ஆனால் இனி தம் வகுப்பு எதிலும் அவளைச் சேர்க்க வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். காடியில் ஏறுமுன் என் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்காதீங்கக்கா, உங்களை ரொம்பத் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். நான் அந்தக் கையை உதறவில்லை.

அவர் போன பிறகு குழாயடிக்குத் திரும்பி வந்தேன். அவள் மறுபடி பூட்ஸைக் கழுவ ஆரம்பித்திருந்தாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படியும் ஒண்ணும் கிடைக்கப்போறதில்ல அத்தை. அக்காவுக்காவது இருக்கட்டும்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருந்தாள். "மிஸ் மட்டும் என்னைத் தப்பா நெனைக்காம இருந்திருக்கலாம். சாந்தினி அக்காகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. வேலை செய்யறப்ப மனசு கஷ்டப்படும்."

நான் சரி என்றேன்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் தையல் வகுப்பு தொடங்கியது. இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். கல்லூரிக்கும் எங்கள் கோயிலுக்கும் உள்ள உறவு மற்ற தோட்டங்களுக்கு நல்ல உதாரணம் என்று இயக்குநர் பேசினார். எனக்கு மாலை போட்டார்கள், போட்டவர் காஞ்சனா மிஸ். யோகேஸ்வரி அன்றைக்குக் காட்டில் வேலையாக இருந்தாள். அவள் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மிஸ்ஸின் நம்பர் என் போனில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். நான் இன்னும் சொல்லவில்லை.